ஃபைலா, ஸ்கேனா, முழு மின்பதிவா? ரெக்கார்டு ரூமிலிருந்து பார்த்தால்

பினாங்கில் நடுத்தர அளவுள்ள தனியார் மருத்துவமனைகளில் வேலை செய்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை: மின்னணு மருத்துவப் பதிவுக்கு முழுசாக மாறுவதா, இருக்கிற ஃபைல்களை ஸ்கேன் செய்து திரையில் பார்ப்பதா, இல்லை இன்னும் சில வருஷம் தாளிலேயே ஓட்டுவதா. நிர்வாகம் இதற்கென்று கமிட்டி போடும். அதில் டாக்டர்கள் இருப்பார்கள், கணக்குப் பிரிவு இருக்கும், ஐடி இருக்கும், நர்சிங் மேலாளர் இருப்பார். மருத்துவப் பதிவுப் பிரிவிலிருந்து, அதாவது நாம் ரெக்கார்டு ரூம் என்று சொல்கிற இடத்திலிருந்து, ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற மருத்துவமனைகள் குறைவு. சிஸ்டம் விற்க வருகிறவர்களும் டாக்டருக்கு என்ன வசதி, பில்லுக்கு என்ன வசதி என்றுதான் காட்டுவார்கள். ஆனால் மாற்றம் வந்த மறுநாள் காலையிலேயே வேலை தலைகீழாக மாறுவது ரெக்கார்டு ரூம் ஊழியர்களுக்குத்தான், அவர்கள் கவுண்டரில் காத்திருக்கும் நோயாளிக்குத்தான். அதனால் மூன்று வழிகளையும் அந்தக் கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். தாளிலும் திரையிலும் இந்த வேலையைச் செய்தவள் என்ற முறையில் எனக்கு ஒரு தெளிவான முடிவு உண்டு. நடுவில் இருக்கிற ஸ்கேன் வழிதான் எல்லாருக்கும் பாதுகாப்பாகத் தெரியும், அதுவே ஊழியர்களை அதிகம் வதைக்கும். முடியுமென்றால் முழுசாக மாறுங்கள், முடியாதென்றால் தாளைச் சரியாக நடத்துங்கள்.

சேவை என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதைப் பேசிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். ரெக்கார்டு ரூம் வேலை ஃபைல் எடுத்துக் கொடுப்பது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். டாக்டர் நோயாளியின் பெயரைக் கூப்பிடும் முன்பே பழைய குறிப்பு மேசையில் இருக்கவேண்டும், அது ஒன்று. வீட்டுக்குப் போன நோயாளிகளின் ஃபைல் வார்டிலிருந்து திரும்பி வந்ததா, சிகிச்சையின் சுருக்கமான டிஸ்சார்ஜ் சம்மரி எழுதப்பட்டதா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததை டாக்டரிடம் கேட்டு வாங்கவேண்டும். நோயின் பெயருக்கு ஐசிடி-10 என்ற சர்வதேச நோய்ப் பட்டியலின்படி குறியீடு போடவேண்டும், மாதப் புள்ளிவிவரம் தயார் செய்யவேண்டும். அப்புறம் மருத்துவ அறிக்கை. இன்சூரன்ஸ் கிளெய்ம், சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதி, வாகன விபத்து வழக்கு, இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுப்பது என்று எதற்கெடுத்தாலும் மருத்துவ அறிக்கைதான். பிறையிலும் பாயான் லெப்பாசிலும் தொழிற்சாலையில் கை நசுங்கியவர் மூன்று மாதம் கழித்து சொக்சோவுக்கு அறிக்கை கேட்டு வருவார். சம்பளம் நின்று போயிருக்கும். அவருக்கு அந்தத் தாள் ஒரு வாரம் தள்ளிப்போனால் அந்த ஒரு வாரம் வீட்டுச் செலவில் தெரியும். பட்டர்வொர்த்திலிருந்து லீவு போட்டு ஃபெரி ஏறி வந்த அம்மா "தங்கச்சி, இன்னும் ரெடியாகலையா?" என்று கேட்கும்போது பதில் சொல்ல நிற்பது டாக்டரும் இல்லை, ஐடியும் இல்லை. எந்த வழி நல்லது என்று நான் எடைபோடுவது இந்த இடத்தில் வைத்துத்தான்.

தாளிலேயே இருப்பது

தாள் பழசு, அதனால் மோசம் என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிட எனக்கு மனம் வராது. ஒழுங்காக நடத்தப்படும் தாள் ரெக்கார்டு ரூம் நன்றாகவே வேலை செய்யும். கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து ஃபைல் அடுக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு எண் 45-27-83 என்றால் முதலில் 83ஆம் பகுதிக்குப் போய், அங்கே 27ஐத் தேடி, அதற்குள் 45ஐ எடுக்கவேண்டும். 00 முதல் 99 வரை நூறு பகுதிகள். புதிய ஃபைல்கள் ஒரே மூலையில் குவியாமல் எல்லாப் பகுதிக்கும் பரவும், ஆளுக்கு இத்தனை பகுதி என்று பொறுப்பும் பிரித்துக் கொடுக்கலாம். வெளியே போன ஃபைல் இருந்த இடத்தில் யார் எடுத்தது, எந்தக் கிளினிக்குக்கு, எந்தத் தேதியில் என்று எழுதிய ஒரு டிரேசர் கார்டு. இந்த இரண்டையும் விடாமல் கடைப்பிடித்தால் அனுபவமுள்ள ஊழியர் கண்ணை மூடிக்கொண்டு ஃபைலை எடுப்பார். கரண்ட் போனாலும் எடுப்பார்.

பிரச்சினை என்னவென்றால், ஒரு ஃபைல் ஒரே நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். காலையில் இதய மருத்துவரிடம் போன ஃபைல் அவர் அறையிலேயே கிடக்கும், மதியம் எலும்பு மருத்துவர் கேட்பார். அதே நாள் இன்சூரன்ஸ்காரர் பழைய நோய் இருந்ததா என்று கேட்டுக் கடிதம் அனுப்புவார், ஜிஎல் என்ற அவர்களின் உத்தரவாதக் கடிதம் வரும்வரை நோயாளியை வார்டில் சேர்க்க முடியாது. ஊழியரின் நாளில் பெரும்பகுதி ஃபைலைத் தேடி மாடிக்கு மாடி நடப்பதிலேயே போய்விடுகிறது, குறியீடு போடவும் முடிக்காத சம்மரியைத் துரத்தவும் நேரமே மிஞ்சுவதில்லை.

இடமும் ஒரு தலைவலி. ஜோர்ஜ்டவுனில் ஒரு அறை இடத்துக்கு என்ன வாடகை என்று உங்களுக்கே தெரியும். சிவில் வழக்கு போட 1953ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் பொதுவாக ஆறு வருஷம் கொடுக்கிறது, குழந்தைகள் விஷயத்தில் வயது வந்த பிறகுதான் அந்தக் கணக்கே தொடங்கும். ஆகவே ஃபைலை சீக்கிரம் அழிக்கவும் முடியாது. கீழ்த்தளத்தில் மலிவான இடம் பார்த்து வைத்தால் ஈரம், பூஞ்சை, கரையான். 2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கே வெள்ளத்தில் மிதந்ததே, அதற்குப் பிறகும் ரெக்கார்டுகளைக் கீழ்த்தளத்தில் வைக்கிறவர்களை எனக்குப் புரியவில்லை. நனைந்த ஃபைலுக்கு நகல் கிடையாது.

ஸ்கேன் செய்வது

இந்த வழியைப் பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான கமிட்டிகள் வந்து நிற்பது இங்கேதான். டாக்டர்கள் வழக்கம்போல் பேனாவால் எழுதலாம், யாரும் டைப் அடிக்கப் பழகவேண்டாம். நோயாளி வீட்டுக்குப் போனதும் ஃபைலை ஸ்கேன் செய்துவிட்டால் எல்லாரும் திரையில் பார்த்துக்கொள்ளலாம். முழு சிஸ்டத்தைவிடச் செலவும் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது அந்த வேலையைச் செய்யப்போகிறவரின் மேசைக்கு வாருங்கள். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம், ஒரு நாளைக்கு நாற்பது பேர் வீட்டுக்குப் போகிறார்கள், ஒவ்வொரு ஃபைலிலும் நூற்றிருபது பக்கம் என்றால் 4,800 பக்கம். நிமிடத்துக்கு அறுபது பக்கம் இழுக்கும் மெஷினுக்கு அது எண்பது நிமிட வேலை. விற்பவர் அந்த எண்பது நிமிடத்தைத்தான் காட்டுவார். மெஷினில் போடும் முன்னால் ஸ்டேப்ளர் முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கவேண்டும், மடிந்த மூலையை நிமிர்த்தவேண்டும், சின்னச் சின்ன லேப் சீட்டுகளைப் பெரிய தாளில் ஒட்டவேண்டும். ஈசிஜி தாள் வெப்பத்தாள், அது ஏற்கெனவே வெளுக்க ஆரம்பித்திருக்கும். கார்பன் நகல் ரோஸ் தாளில் எழுத்தே தெரியாது. பிறகு ஒவ்வொரு பக்கமும் எந்த வகை, எந்தத் தேதி, எந்த வார்டு என்று இண்டெக்ஸ் போடவேண்டும். பார்கோடு அச்சிட்ட படிவங்கள் இருந்தால் இது குறையும், ஆனால் பழைய படிவங்களில் பார்கோடு இருக்காது. கடைசியில் எல்லாப் பக்கமும் சரியாக வந்ததா என்று ஒருவர் திரையில் பார்த்துச் சரி சொல்லவேண்டும். அந்தச் சரிபார்ப்பை ஆள் பற்றாக்குறையில் விட்டுவிட்டால், ஒரு நோயாளியின் பயாப்சி முடிவு இன்னொருவர் பெயரின் கீழ் போய் உட்காரும். தாள் ஃபைலில் தப்பான இடத்தில் சொருகிய சீட்டை எப்போதாவது யாராவது கண்டுபிடித்து எடுத்துவிடுவார்கள். திரையில் அதைத் தேடுகிறவர் யாருமில்லை.

இவ்வளவும் செய்து முடித்தால் கிடைப்பது படம் மட்டும்தான். அதில் தேட முடியாது. கையெழுத்து புரியாத டாக்டரின் எழுத்து திரையிலும் புரியாது. குறியீடு போடுகிறவர் முன்பு தாளைப் புரட்டினார், இப்போது சுட்டியை அழுத்தி அழுத்தி நூற்றிருபது படங்களைப் பார்க்கிறார். வேகம் குறைகிறது, கண் வலிக்கிறது. நோயாளி வார்டில் இருக்கும்போது பதிவு தாளில், வீட்டுக்குப் போன பிறகு திரையில், நேற்று போனவர் இன்று மறுபடி வந்தால் ஸ்கேன் முடியாமல் நடுவழியில். "எங்கே இருக்கிறது?" என்ற பழைய கேள்விக்கு முன்பு ஒரு பதில், இப்போது மூன்று. இரண்டு முறைகளையும் சேர்த்து நடத்தும் சுமை முழுக்க ரெக்கார்டு ரூமில் இறங்குகிறது, டாக்டருக்கு எதுவும் மாறுவதில்லை. ஒரு இடத்தில் இதை நானே பார்த்தேன்: ஆறு மாத ஏற்பாடு என்று தொடங்கியது, வருஷங்கள் போயும் ஸ்கேனுக்குக் காத்திருக்கும் பெட்டிகள் நடைபாதையில் நின்றன. முடிவுத் தேதி வைக்காமல் தொடங்கினார்கள், அதனால் முடியவில்லை.

ஸ்கேனால் நன்மையே இல்லை என்று சொல்லவில்லை. நகல் கொடுக்கும் வேலைக்கு அது மிகவும் நல்லது. மேடானிலிருந்தும் சுமத்ராவின் மற்ற ஊர்களிலிருந்தும் சிகிச்சைக்குப் பினாங்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று இங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். ஊருக்குத் திரும்பும் விமானம் பிடிக்கும் முன் முழு ரிப்போர்ட்டையும் கையில் கேட்பார்கள். ஸ்கேன் செய்த ஃபைல் இருந்தால் அது பத்து நிமிட வேலை, இல்லாவிட்டால் நகல் மெஷின் முன்னால் அரை நாள். வெள்ளம், தீ என்றாலும் வேறிடத்தில் ஒரு பிரதி இருக்கும். நீதிமன்றத்திலும் செல்லும்: சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு, 1993இல் சேர்த்தது, கணினியிலிருந்து எடுத்த ஆவணத்தை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அந்தக் கணினியின் இயக்கத்துக்குப் பொறுப்பானவர் சான்றிதழில் கையெழுத்துப் போடவேண்டி வரும். அந்தப் பொறுப்பு யாருடையது என்று எழுதி வைக்காத மருத்துவமனைகளில் கடைசியில் ரெக்கார்டு அதிகாரியைத்தான் கைகாட்டுவார்கள். சரிபார்ப்புக்கு ஆள் கொடுக்காமல் கையெழுத்தை மட்டும் கேட்பது நியாயமில்லை.

முழுசாக மாறுவது

மலேசியாவில் இது புதிய கதை இல்லை. மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற அரசின் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தின் காலத்தில், 1997இல், சுகாதார அமைச்சு தொலைமருத்துவத் திட்டவரைவு வெளியிட்டது. தாளில்லாத மருத்துவமனையாகவே திட்டமிட்டுக் கட்டிய செலாயாங் மருத்துவமனை 1999இல் திறந்தது, கோலாலம்பூர் பக்கத்தில் பத்துமலைக்கு அருகிலேயே. அரசு மருத்துவமனைகளை அளவுக்குத் தகுந்தபடி முழுமை, இடைநிலை, அடிப்படை என்று மூன்று வகைத் தகவல் அமைப்புகளாகப் பிரித்ததும் அந்தத் திட்டத்திலிருந்து வந்ததுதான். "செலாயாங்கில் கால் நூற்றாண்டுக்கு முன்பே முடிந்தது, நமக்கு என்ன தடை?" என்று கமிட்டிகளில் கேட்பார்கள். இரண்டு விஷயம் மறந்துபோகிறது. செலாயாங் புதிதாகத் திறந்த இடம், பழைய ஃபைல் மூட்டை எதுவும் இல்லாமல் முதல் நாளிலிருந்தே திரையில் தொடங்கியது. இரண்டாவது, அரசு டாக்டர்கள் மருத்துவமனையின் ஊழியர்கள். தனியார் மருத்துவமனைகளில் நிபுணர்கள் பெரும்பாலும் சொந்தப் பொறுப்பில் தொழில் செய்கிறவர்கள், நிர்வாகம் "நாளையிலிருந்து டைப் அடியுங்கள்" என்று உத்தரவு போட முடியாது. மூத்த நிபுணர் ஒருவர் மாட்டேன் என்றால் அவருடைய நோயாளிகளுக்கு மட்டும் தாள் ஃபைல் தொடரும், நீங்கள் அறியாமலேயே ஸ்கேன் வழிக்குள் போய்விட்டீர்கள்.

டாக்டர்கள் ஒத்துக்கொண்ட இடத்தில் ரெக்கார்டு ரூமுக்கு நடப்பது பெரிய மாற்றம். ஃபைல் தேடி நடப்பது நின்றுவிடுகிறது. மூன்று டாக்டரும் இன்சூரன்ஸ் பிரிவும் ஒரே நேரத்தில் ஒரே பதிவைப் பார்க்கலாம். முடிக்காத சம்மரி யாருடையது, எத்தனை நாளாக என்று ஒரே பட்டியலில் தெரியும். தாளில் இதைச் சொல்ல ஒருவர் முழு நேரமும் எண்ணிக்கொண்டிருக்கவேண்டும். குறியீடு போடுகிறவருக்கு டைப் அடித்த குறிப்பு, லேப் முடிவு, அறுவை சிகிச்சைக் குறிப்பு எல்லாம் ஒரே திரையில். யார் எந்தப் பதிவைத் திறந்தார்கள் என்ற தடமும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் ஃபைலை எட்டிப் பார்ப்பது தாளில் கண்டுபிடிக்க முடியாத விஷயம், இங்கே கண்டுபிடிக்கலாம்.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்லியாகவேண்டும். மருத்துவ அறிக்கை தாமதத்துக்குப் பாதிக் காரணம்தான் ஃபைல் கிடைக்காதது. மீதிப் பாதி, டாக்டர் உட்கார்ந்து எழுதாதது. முழு சிஸ்டம் வந்தாலும் அந்த இரண்டாம் பாதி அப்படியே இருக்கும், கவுண்டரில் நிற்கும் சொக்சோக்காரருக்கு வித்தியாசமே தெரியாது. அறிக்கை விண்ணப்பம் வந்த நாளிலிருந்து டாக்டரின் திரையில் நினைவூட்டல் போகும்படி வைத்து, குறிப்பிட்ட நாளுக்குள் எழுதவேண்டும் என்று நிர்வாகமும் நிபுணர்களும் கையெழுத்திட்டால்தான் அது குறையும். அது மென்பொருள் வாங்கும் விஷயம் இல்லை, மருத்துவ இயக்குநர் எடுக்கவேண்டிய முடிவு.

புதிய வேலைகளும் வரும். தப்பான நோயாளியின் பெயரில் டைப் அடித்த குறிப்பை முறையாகத் திருத்துவது, நேற்றைய குறிப்பையே வெட்டி ஒட்டி இன்றும் போட்டிருப்பதைக் கண்டுபிடிப்பது, பதிவைத் திறக்க யாருக்கு அனுமதி என்ற தணிக்கை, சிஸ்டம் படுத்துவிட்டால் தாளில் எழுதியதைப் பிறகு உள்ளே ஏற்றுவது. சிஸ்டம் படுக்காது என்று எந்த நிறுவனம் சொன்னாலும் நம்பாதீர்கள். 2017 மே மாதம், கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் வான்னாகிரை வைரஸ் தாக்கியபோது இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் சுமார் 19,000 சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்ற மதிப்பீட்டை அங்குள்ள தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை வெளியிட்டது. 2018இல் பக்கத்து சிங்கப்பூரில் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் 15 லட்சம் நோயாளிகளின் தகவல் திருடுபோனது, அப்போதைய பிரதமருடையதும் அதில் சேர்த்தி. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியார் மருத்துவமனைக்குப் பொருந்தும், அரசு மருத்துவமனைக்குப் பொருந்தாது. 2024 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம், 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவு நடந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். ரெக்கார்டு ரூமில் ஒருவருக்காவது அந்த 72 மணி நேரத்தில் யாரை எழுப்பவேண்டும் என்று தெரிந்திருக்கவேண்டும்.

எதை வாங்கினாலும் முதலில் செய்யவேண்டியது

மூன்று வழிக்கும் அடியில் ஒரே அஸ்திவாரம்: நோயாளி இண்டெக்ஸ். ஒரு ஆளுக்கு ஒரு எண். இது எளிதாகத் தெரியும், நம் மக்களின் பெயர்களை வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். லெட்சுமி என்று ஒரு அம்மா. அவசரப் பிரிவில் பதிந்த மலாய்க்கார ஊழியர் காதில் விழுந்தபடி ஒரு மாதிரி எழுதுவார், கிளினிக்கில் பதிந்த சீனப் பெண் வேறு மாதிரி எழுதுவார், பழைய ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இன்னொரு மாதிரி இருக்கும். நடுவில் மகள் என்பதை மலாயில் குறிக்கும் ஏ/பி போட்ட ஒரு பதிவு, போடாத ஒரு பதிவு, அதையே ஆங்கிலத்தில் டி/ஓ என்று போட்டது ஒன்று. அப்பா பெயரைத் தன் பெயர் என்று பதிந்ததும் உண்டு. கடைசியில் ஒரே அம்மாவுக்கு மூன்று எண்கள், மூன்று ஃபைல்கள், பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு அதில் ஒன்றில் மட்டும். தாளில் ஒரு மூத்த ஊழியர் "இவங்க போன வருஷமும் வந்தாங்களே" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லி மற்ற ஃபைலையும் எடுத்துவருவார். கணினிக்கு முகம் தெரியாது. இந்த மூன்று பதிவுகளை அப்படியே புது சிஸ்டத்துக்குள் ஏற்றினால் பிழை அங்கேயும் கூடவே போகும். திரையில் அழகாகத் தெரிவதால் டாக்டர் அதை முழுசாக நம்புவார், தாளைவிட இதுதான் எனக்குப் பயம்.

மைகாட் அடையாள அட்டை எண் பன்னிரண்டு இலக்கம், அதை வைத்துச் சேர்த்துவிடலாம் என்பார்கள். பெரும்பாலும் முடியும். ஆனால் பிறந்த குழந்தைக்கு எண் இல்லை, அம்மாவின் பெயரில்தான் பதிவு தொடங்கும். இந்தோனேசிய நோயாளி பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண்ணே மாறிவிடும். மயக்கத்தில் கொண்டுவந்தவரிடம் எதுவும் இருக்காது. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து இது அவர்தான், இது அவர் இல்லை என்று முடிவெடுக்க மனித மூளை வேண்டும், அதுவும் இந்த ஊர்ப் பெயர்களையும் அவை எழுதப்படும் விதங்களையும் அறிந்த மூளை. அது ரெக்கார்டு ரூமில்தான் இருக்கிறது. வேறு வேறு ஆளான இரண்டு லெட்சுமிகளைத் தப்பாக ஒன்றாக்கிவிட்டால் பிரிப்பது இன்னும் கஷ்டம். அதனால் வேகம் காட்டாமல் பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி, பழைய அறுவை சிகிச்சை என்று எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் செய்யவேண்டும்.

ஆள் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்குக் கோபம். மின்பதிவு வந்தால் ரெக்கார்டு ரூமில் ஆள் குறைக்கலாம், அந்தச் சம்பளத்தில் சிஸ்டத்தின் விலை வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். முதல் இரண்டு மூன்று வருஷம் வேலை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை, பழைய ஃபைலும் இருக்கும், புதிய பதிவும் இருக்கும். அந்த நேரத்தில் எஸ்பிஎம் என்ற பள்ளித் தேர்வு முடித்துச் சேர்ந்து இருபது வருஷமாக அந்த அறையை நடத்திய அக்காமார்களை அனுப்பிவிட்டால், முடிவெடுக்கத் தெரிந்த கை போய்விடும். அவர்களுக்கு மருத்துவச் சொற்களும் ஐசிடி-10உம் இண்டெக்ஸ் திருத்தமும் சொல்லிக் கொடுத்தால் செய்வார்கள், நான் பார்த்திருக்கிறேன். திரையைப் பார்த்துத் தயங்கியவர்கள் சில மாதங்களில் டாக்டருக்கே எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டினார்கள். பயிற்சியை மட்டும் ஞாயிற்றுக்கிழமை சம்பளமில்லாத வேலையாக வைக்காதீர்கள்.

அப்படியென்றால் எதை எடுப்பது?

உங்கள் நிபுணர்களில் பெரும்பாலானவர்கள் குறிப்பைத் தாங்களே டைப் அடிக்க எழுத்தில் ஒத்துக்கொண்டு, ராத்திரியிலும் கூப்பிட்டால் வரும் ஐடி ஆட்கள் இருந்தால், முழு மின்பதிவுக்குப் போங்கள். பிரிவு பிரிவாகப் போகலாம், ஆனால் ஒரு பிரிவு மாறும் நாளில் அந்தப் பிரிவில் தாள் நின்றுவிடவேண்டும். பழைய ஃபைல்களை மொத்தமாக ஸ்கேன் செய்யப் பணத்தைக் கொட்டாதீர்கள். திரும்பி வருகிற நோயாளியின் ஃபைலை, அவர் வரும்போது, அதிலும் சம்மரி, அறுவை சிகிச்சைக் குறிப்பு, ஒவ்வாமை, பயாப்சி போன்ற தேவையான பக்கங்களை மட்டும் ஏற்றினால் போதும். வராதவர்களின் ஃபைல் காலம் முடியும்வரை தாளாகவே இருக்கட்டும். ஸ்கேனுக்கு நான் கொடுக்கும் இடம் இவ்வளவுதான், துணை வேலை.

டாக்டர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையா? அப்போது ஸ்கேனில் இறங்கித் திருப்தி அடையாதீர்கள். ஒரு வருஷம் தாளில் இருங்கள், அந்த வருஷத்தில் இண்டெக்ஸைச் சுத்தம் செய்யுங்கள், படிவங்களைக் குறைத்துப் பார்கோடு போடுங்கள், ஃபைல்களைக் கீழ்த்தளத்திலிருந்து மேலே ஏற்றுங்கள், குறியீடு போடத் தெரிந்தவர்களை வளருங்கள். அறிக்கை எழுத நாள் வரம்பு வையுங்கள், இது ஒன்றுக்கே கவுண்டரில் வரிசை குறையும், ஒரு சிஸ்டமும் வாங்காமலேயே. இதில் செய்த எதுவும் வீணாகாது, பிறகு மாறும்போது எல்லாம் கூடவே வரும். இருபது முப்பது படுக்கைதான், வருகிறவர்கள் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள் என்கிற சிறிய இடத்துக்கு இதுவே பல வருஷத்துக்குப் போதும் என்பது என் எண்ணம்.

அவசரப்பட்டுப் பெரிதாகத் தொடங்குவதும் ஆபத்து. இங்கிலாந்து 2002இல் நாடு முழுவதற்கும் ஒரே பெரிய கணினித் திட்டம் தொடங்கி, 2011இல் அதைக் கலைப்பதாக அறிவித்தது. அங்கே பணமும் ஆளும் இல்லாமல் போகவில்லை. மேலிருந்து வாங்கிக் கொடுத்தார்கள், மருத்துவமனைகளுக்குள் பயன்படுத்துகிறவர்களைக் கேட்கவில்லை என்பதுதான் முக்கியக் குறையாகச் சொல்லப்பட்டது.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள்: ஒப்பந்தம் முடிந்தால் எல்லா நோயாளிகளின் முழுப் பதிவையும் வேறு சிஸ்டத்தில் படிக்கக்கூடிய வடிவில், கூடுதல் கட்டணமில்லாமல் திருப்பித் தரவேண்டும். இது இல்லாவிட்டால் ஐந்து வருஷம் கழித்து விலையை அவர்கள்தான் சொல்வார்கள். அப்புறம், செய்முறை விளக்கத்துக்கு அவர்கள் வரும் நாளில் ரெக்கார்டு ரூமிலிருந்து இரண்டு பேரை உட்கார வைத்து, அவர்கள் கொண்டுவந்த மாதிரி நோயாளிகளை ஒதுக்கிவிட்டு, இந்த மூன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரே ஆளின் மூன்று பதிவுகளை ஒன்றாக்கி, தப்பு என்று தெரிந்தால் மறுபடி பிரிக்கவேண்டும். ஒரு நோயாளியின் முழுப் பதிவையும் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும்படி பக்க எண்ணோடு அச்சிடவேண்டும். தப்பான பெயரில் எழுதிய குறிப்பை, பழையதை அழிக்காமல், திருத்திக் காட்டவேண்டும். விற்பனையாளர் "அது அடுத்த பதிப்பில் வரும்" என்றால், அடுத்த பதிப்பு வந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.